அண்ணைக்குக் கிடைத்த சதுரக் கொடி

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு பேனை பிடித்ததெல்லாம் படிவங்களில் கையொப்பம் வைக்க மட்டுந்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. எழுதாமல் வாயால் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதற்காக அண்ணையின் மகள் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றி ஏதோ கதைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எழும்பாது. ஒரே ஓர் ஆள் இருந்தாலும் சில விஷயங்களுக்கு எழும்பாது.

லண்டன் சிற்றியில் இருக்கும் ஒரு பழைய தேவாலயத்தில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். பதினாலு வருடமாகிறது. அந்தத் தேவாலயத்தின் தரையில் கல்லாலான ஆறு பேர் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். எல்லோரும் நைட்மார், எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் குதிரையில் சண்டைக்குப் போன, பட்டம் பெற்ற வீரர்கள். உடம்பில் இரும்பு வளையச் சட்டை, இடுப்பில் வாள், கையில் கேடயம். அவர்களைத் தண்ணீர் போட்டுத் துடைக்கக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைக் கிளப்பி, அது திரும்ப விழுவதற்குள் குழாயால் உறிஞ்ச வேண்டும். ஓர் ஆளுக்கு முக்கால் மணித்தியாலம் போகும். ஒருவருக்கு மூக்கு இல்லை. ஒருவரின் காலடியில் சின்ன நாய் ஒன்று படுத்திருக்கிறது. அதன் காதுக்குப் பின்னால்தான் எப்போதும் தூசி அதிகம்.

அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு வயதான ஆங்கிலேய அம்மா வாரத்தில் மூன்று நாள் வருவார். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் அவர் பேசினால் விளங்கும். அவர் கூட்டத்தோடு வரும்போது நான் வேண்டுமென்றே பக்கத்துத் தூணைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருடம் ஒரே கதையைக் கேட்டால் யாருக்கும் பாடமாகிவிடும்.

ஏழு வயதில் ஒரு பிள்ளையை வேறொரு பிரபுவின் வீட்டில் கொண்டுபோய் விடுவார்களாம். அப்போது அவன் பேஜ். மேசையில் பரிமாறுவது அவன் வேலை. பதினாலு வயதில் ஸ்குவயர் ஆவான். நைட்டின் கேடயத்தைச் சுமப்பான், அவருக்கு இரும்புச் சட்டையை மாட்டிவிடுவான். குதிரையைத் தட்டி ஓட்டக் குதிக்காலில் கட்டும் முள் அவனுக்கு வெள்ளி நிறம். இருபத்தொரு வயதளவில், தகுதியும் வசதியும் இருந்தால் நைட் ஆக்குவார்கள், குதிமுள் பொன்னிறமாகும். வசதி இல்லாதவர்கள் சாகும்வரை ஸ்குவயராகவே இருந்தார்களாம். முந்தின காலத்தில் ஒரு நைட் இன்னொருவரை நைட் ஆக்கலாம். சேற்றில் முழங்காலில் இருப்பவனின் கழுத்தில் ஓர் அடி, அவ்வளவுதான். பிறகுதான் அரசர்கள் அந்த உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

நைட்மாரிலும் மேல் கீழ் இருந்தது. கீழே இருப்பவர் பாச்சிலர். அவர் இன்னொருவரின் கொடிக்குக் கீழேதான் சண்டை செய்வார். அவருடைய ஈட்டியில் இருப்பது வால் பிரிந்த சின்னக் கொடி. அவருக்கு மேலே பேனரெட். அவருக்குச் சொந்தமாகச் சதுரக் கொடி உண்டு. பல நைட்மார் அதற்குப் பின்னால் போவார்கள். சண்டைக் களத்தில் ஒரு பாச்சிலர் தன்னை நிரூபித்தால், அரசரோ தளபதியோ அவருடைய கொடியை வாங்கி, அதன் வால்களைக் கத்தியால் அறுத்து, சதுரமாக்கித் திருப்பிக் கொடுப்பார். அந்த இடத்தில் அந்த அம்மா எப்போதும் சற்று நிறுத்துவார். “இது களத்தில் மட்டுமே கொடுக்கப்பட்ட பட்டம். இன்று உலகத்தில் ஒரு பேனரெட்டும் இல்லை. அது செத்து எவ்வளவோ காலம்” என்பார். இதை நான் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி அண்ணையைப் பற்றி. அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஐயா இல்லாமல் போன பிறகு தகப்பன் இடத்தில் நின்று என்னை வளர்த்தவர், லண்டனுக்கு எடுப்பித்தவர். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அவருக்குப் பலசரக்குக் கடை. பின்பக்கம் மீன் வெட்டும் இடம். அதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

எங்கள் கோயில் பங்கில் திருவிழாவுக்கோ கிறிஸ்து பிறப்பு ஒளிவிழாவுக்கோ மேடை போட்டால், பெயர் வாசிப்பது ஒரு பெரிய சடங்கு. டொக்டர் இன்னார், பொறியியலாளர் இன்னார், சமாதான நீதவான் இன்னார் என்று அறிவிப்பாளர் இழுத்து இழுத்து வாசிப்பார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, முன்வரிசைக் கதிரை. அண்ணையின் முறை வரும்போது “எங்கள் கடைக்கார அண்ணை” என்பார். சனம் அன்பாகத்தான் கைதட்டும். அன்றைய சாப்பாட்டுக்கான அரிசியும் எண்ணெயும் அண்ணையின் கடையிலிருந்துதான் வந்திருக்கும். அண்ணை சிரித்துக்கொண்டே எழும்பிக் கும்பிடுவார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஒன்றும் பேசமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார்: “ஐயாவுக்கு ஊரில அரசாங்கக் கச்சேரியால வாற கடிதத்தில பேருக்குப் பின்னால எஸ்குவயர் எண்டு போட்டிருக்கும். எனக்கு என்ன இருக்கு?” அந்த எஸ்குவயர் கேடயம் சுமந்தவனின் பெயரிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, அண்ணை கடையில் என்னைக் கூப்பிட்டார். மீன் வெட்டிய கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு தடித்த உறையை நீட்டினார். ஏதோ ஒரு சபையிடமிருந்து வந்த கடிதம். சிலுவைப்போர்க் காலத்திலிருந்து இருக்கும் சபையாம். பங்குக்குச் செய்த சேவைக்காக அண்ணைக்கு நைட் பேனரெட் பட்டம் தரப்போகிறார்களாம். பெயருக்கு முன்னால் ‘சேர்’ என்ற ஆங்கில மரியாதைப் பட்டம் போடலாமாம். சபைக்கு ஒரு நன்கொடை மட்டும் கொடுக்க வேண்டுமாம்.

“தம்பி, நீதானே இந்த நைட்மாரோட பத்துப் பதினொரு வருசமாக் குடும்பம் நடத்திறாய். இது சரியோ எண்டு சொல்லு பாப்பம்.”

கடையில் நிறையச் சனம். கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார். “வாசிக்கத் தெரியாத ஆளிட்டைக் கடிதத்தைக் குடுத்து என்ன அண்ணை செய்யிறது?”

அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. “அவனுக்கு வாசிக்கத் தேவையில்லை. அவன் காதால கேட்டு வைச்சிருக்கிறது கம்பஸில படிச்ச உன்ரை மகனுக்கும் தெரியாது. நீ சொல்லு தம்பி. பேனரெட் எண்டு ஒண்டு இருக்கோ?”

என்னைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் அப்படி யாரும் சொன்னதில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“ஓம் அண்ணை. பாச்சிலருக்கு மேல.”

“அப்ப பெரிய பட்டம்?”

“ஓம்.”

“உண்மையானதுதானே?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது செத்துப்போன பட்டம், களத்தில் மட்டுந்தான் கொடுத்தார்கள், இவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று. அண்ணையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய்க்காரரையும் பார்த்தேன். “ஓம் அண்ணை” என்றேன். எங்கள் வீட்டில் அண்ணை கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்லிப் பழக்கம். பழக்கத்தில் வந்த ஓம் என்று என்னை நானே சமாளித்துப் பார்த்தேன். அது அப்படியில்லை. அன்றைக்கு நான் அறிந்தவனாக நிற்க ஆசைப்பட்டேன்.

விழா, சவுத்தாலுக்கு அப்பால் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வாளோடு நின்றார். அன்று பல நாட்டுக்காரர் எட்டுப் பேருக்குப் பட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்குவயர் வேண்டும் என்றார்கள், அண்ணைக்கு நான். ஒரு சிவப்புத் தலையணையில் பொன்னிறக் குதிமுள் இரண்டை வைத்துத் தந்தார்கள். நான் நடக்க நடக்க அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. வால் பிரிந்த கொடி ஒன்றைக் கொண்டுவந்து, நாடா வெட்டும் கத்தரிக்கோலால் அந்த வால்களை வெட்டினார்கள். வெட்டிய துண்டு கம்பளத்தில் விழுந்தது. குனிந்து பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன், வேலைப் பழக்கம். அண்ணை முழங்காலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நற்கருணை வாங்குவதற்கு முன் இருப்பது போல. அவருக்கு அது விளையாட்டில்லை.

அதன் பிறகு கடையில் ஒரே பகிடி. “லேடி, அரைக் கிலோ நெத்தலி தாங்கோ” என்று அண்ணியைக் கேட்பார்கள். “எங்கட ஊரில பள்ளிக்கூட வாத்திமார் எல்லாரும் சேர்தானே, அண்ணை எந்தப் பாடம்?” என்பார்கள். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அடுத்த ஒளிவிழாவில் அறிவிப்பாளர் ‘சேர்’ என்று அவர் பெயரை வாசித்தபோது, அவர் எழும்பிக் கும்பிடச் சில நொடிகள் பிந்தின. அன்றைக்குக் காரில் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தார்.

அது அத்தோடு நின்றிருக்கலாம். அடுத்த வருடம் மகளுக்குக் கலியாணம் வந்தது. அவள் இங்கே பிறந்தவள், சட்டம் படித்து ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். கலியாணக் கார்ட்டில் அண்ணை தன் பெயருக்கு முன்னால் பொன் எழுத்தில் ‘சேர்’ போடச் சொன்னார். அவள் தயங்கினாள். “அப்பா, இது ஷுவரா?” என்று கேட்டாளாம். “நான் விசாரிச்சுத்தான் எடுத்தனான் பிள்ளை” என்றாராம் அண்ணை. அவள் நம்பி, தன் வேலையிடத்துப் பெரியவர்களுக்கும் கார்ட் கொடுத்தாள்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஞாயிறு பங்குச் சுவாமி அண்ணையின் பெயரைப் பட்டத்தோடு வாசித்தார். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீரும் றோல்ஸும். மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணையிடம் வந்தார். கவுன்சிலில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தேடிப் பார்க்கிற ஆள்.

“சம்பந்தி, ஒரு சின்ன விஷயம். அரசர் பட்டம் குடுத்த ஆக்களின்ரை லிஸ்ட் கொம்பியூட்டரிலை கிடக்கு. உங்கடை பேரைக் காணேல்லை.”

“இது வேற சபை” என்றார் அண்ணை.

“அதைத்தான் தேடினனான். அது நன்கொடை வாங்கிக்கொண்டு ஆருக்கும் குடுக்கிற சபையாம். பேனரெட் எண்டு இப்ப உலகத்திலை ஒருத்தரும் இல்லையாம். அடுத்த கிழமை ஓலையிலை அந்தச் ‘சேர்’ வராமல் பாருங்கோ. எங்கடை சொந்தக்காரர் சிரிக்கினம்.”

சுற்றி நின்றவர்கள் றோல்ஸைக் கடிக்காமல் நின்றார்கள். மகள் தகப்பனுக்கு முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. “வெள்ளிக்கிழமை ஒஃபிஸிலையும் ஒருத்தர் கேட்டவர், அப்பா. நான் உண்மை எண்டு ஆர்கியூ பண்ணினேன். நீங்க விசாரிச்சதாச் சொன்னீங்க. ஆரிட்ட விசாரிச்சீங்க?”

நான் அண்ணைக்கு மூன்று முழம் தள்ளி நின்றேன். கையில் பேப்பர் கோப்பை. அண்ணை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சும்மா ஒரு பார்வை, குற்றம் சாட்டுகிற பார்வை அல்ல. நான் வாயைத் திறப்பேன் என்று ஒரு கணம் எதிர்பார்த்திருக்கலாம். நான் கோப்பைக்குள் பார்த்தேன்.

“ஒருத்தரிட்டையும் இல்லை” என்றார் அண்ணை. “நானாத்தான் எடுத்தனான்.”

“அப்ப எனக்குப் பொய் சொன்னீங்க. தெரிஞ்சுகொண்டே.”

“ஓம்” என்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அன்றைக்கு அந்த அம்மா பட்டம் பறிக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்குத் தவறிய நைட்டை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, குதிமுள்ளை வெட்டி எறிந்து, வாளை முறிப்பார்களாம். ஒரு பட்டமளிப்பில் அரசரின் சமையற்காரர் வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்று, “தவறினால் இதால் உன் குதிமுள்ளை வெட்டுவேன்” என்று எச்சரிப்பது வழக்கமாம். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தூரிகையை வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தேன். அவர்கள் தவறியவனின் குதிமுள்ளையாவது சரியாகப் பார்த்து வெட்டினார்கள்.

கார்ட் திரும்ப அடித்தார்கள். கலியாணம் நடந்தது. ஆனால் அண்ணையின் மகள் பீடம்வரைக்கும் தனியாக நடந்து வந்தாள். தகப்பனின் கையைப் பிடிக்கவில்லை. அண்ணிக்குப் பக்கத்தில் முன்வரிசை இடம் வெறுமையாகக் கிடந்தது; அண்ணை மூன்றாம் வரிசை வாங்கில் என்னோடு இருந்தார். புதுக் கோட்டு, சட்டையில் பூ. பாட்டுப் புத்தகத்தைக் கடைசிவரை திறக்கவில்லை. அதன் பிறகு அண்ணை கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் தாயைப் பார்க்க வீட்டுக்கு வருவாள்.

ஒரு மாதம் கழித்துக் கடையின் பின்பக்கம் போனேன். அண்ணை விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நான் பிள்ளைக்குச் சொல்லப்போறன் அண்ணை.”

“என்னத்தை?”

“நீங்கள் என்னட்டைக் கேட்டதை. நான் ஓம் எண்டு சொன்னதை.”

கத்தி நின்றது. “உனக்கு அப்பவே தெரியுமோ? அது பொய் எண்டு?”

இந்தக் கேள்வியை அவர் அதுவரை தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். கோயில் மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் இந்தக் கேள்வியோடுதான்.

“ஓம் அண்ணை” என்றேன்.

அவர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கை சுத்தமாகி வெகு நேரமாகியும் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். “அவளிட்டைச் சொல்லாதை. அவளுக்கு என்னோட கோவம். உன்னோடையும் கோவிச்சாளெண்டால் எங்கட பக்கத்தில அவளோட கதைக்க ஆள் இல்லை. அவளுக்கு ஒரு சித்தப்பாவாவது இருக்கட்டும். போ, போய் உன்ரை வேலையைப் பார்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து அவர் சொல்லைக் கேட்டேன் என்பது வெளிக்குச் சொல்லும் கதை. உண்மையில் அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு வருடம் அந்த வசதிக்குள் இருந்தேன். அவள் என்னோடு அன்பாக இருந்தாள், என் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்தாள். தகப்பனுக்கு உரியதில் ஒரு பங்கையும் நான் எடுத்துச் சாப்பிடுவதுபோல் இருந்தது.

போன கார்த்திகையில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அண்ணை பேரனை அண்ணியின் போனில்தான் பார்த்தார். நத்தார் பண்டிகைக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா, நீங்கதான் இவருக்கு ஞானத் தகப்பன். நோ சொல்லக் கூடாது. எங்கட ஃபமிலியில பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் நீங்கதான்.”

“அப்பா வருவாரோ?” என்று கேட்டேன்.

“அவர் வேண்டாம்.”

பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞானஸ்நானம் வருகிற மாசி முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று சுவாமி என்னைப் பார்த்துப் பாவத்தை விட்டுவிடுகிறீரா என்று கேட்பார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். சனத்துக்கு முன்னால் பேசும் பயத்தைவிட இப்போது எனக்கு இதுதான் பெரிய பயம்: அதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகவே எழும்பிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே, அண்ணையின் மகளுக்கு. உன் அப்பா உனக்குப் பொய் சொல்லவில்லை. விசாரித்துத்தான் எடுத்தார். என்னிடம் விசாரித்தார். அறிந்திருந்தும் நான் ஓம் என்று சொன்னேன். நீ ‘ஆரிட்ட’ என்று கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லாமல் தன் தலையில் போட்டுக்கொண்டார். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது போதாமல் இதில் எங்காவது விளங்காமல் தட்டினால், அம்மாவை வாசிக்கச் சொல். அம்மாவுக்கும் இது தெரியாது.

ஞானத் தகப்பனாக வேறு ஆளைப் பார்ப்பதென்றால் பார். என்னோடு கதைக்காமல் விட்டாலும் விடு. கோயிலில் முன்வரிசையில் அப்பாவுக்கு ஓர் இடம் கொடு.

இதை எழுதுவது அண்ணைக்குத் தெரியாது. அவர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நான் முதல் தடவையாகச் செய்கிறேன். நாளைப் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து கையில் தருவேன். தேத்தண்ணீர் போட வேண்டாம்.

ஃபாரஸ்ட் கேட்,
2026 தை 24, சனிக்கிழமை.